காவலுக்குக் கோடி, கேள்விக்குப் பூட்டு!

(இளைஞர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பந்தலுக்குள் நுழைகிறபோது ஒரு காட்சியைக் கண்டேன். வாயிலிலே நின்ற தொண்டர், உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் கரம் குவித்து வரவேற்றார். 'நீ யார்? உன் பையிலே என்ன?' என்று எவரையும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை. பிள்ளையைத் தோளிலே சாய்த்தபடி ஒரு தாய் வந்தார்; பேரன் கையைப் பற்றியபடி ஒரு பெரியவர் வந்தார்; வேலை முடிந்த களைப்போடு தொழிலாளத் தோழர்கள் வந்தார்கள். பக்கத்திலே இருப்பவர் யார் என்பது உங்களிலே பலருக்குத் தெரியாது. தெரியாமலேயே தோளோடு தோள் உரச அமர்ந்திருக்கிறீர்கள்.

இதைத்தான் மக்களாட்சியின் மூலதனம் என்று நான் சொல்வேன். முன்பின் அறியாதவரை நம்பி அவர் அருகிலே அமர்கிற துணிவு! அந்தத் துணிவு இருக்கிறவரையிலேதான் கூட்டம் உண்டு. கூட்டம் இருக்கிறவரையிலேதான் இயக்கம் உண்டு. கூட்டத்திலே பிறந்து, கூட்டத்திலே வளர்ந்து, கூட்டத்தாலேயே நிற்பவர்கள் நாம். ஆகவே, கூடுவதற்கே மக்கள் அஞ்சத் தொடங்கிய ஒரு நாட்டின் கதையை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அது ஏழை நாடன்று. செல்வத்திலே சிறந்த நாடு. அறிவிலே பின்தங்கிய நாடன்று. பல்கலைக் கழகங்களுக்குப் புகழ்பெற்ற நாடு. அமெரிக்க நாட்டைத்தான் குறிப்பிடுகிறேன்.

2012ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 20ஆம் நாள். கொலராடோ மாநிலத்து அரோரா நகரிலே, நள்ளிரவுக் காட்சி பார்க்கப் படக் கொட்டகைக்குச் சென்றவர்களிலே 12 பேர் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அதே ஆண்டு டிசம்பர் 14. கனெக்டிகட் மாநிலத்து சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியிலே 20 குழந்தைகள். அவர்களைக் காக்க நின்ற பெரியவர்கள் 6 பேர். 2017 அக்டோபர் 1. லாஸ் வேகாஸ் நகரத் திறந்தவெளி இசைவிழாவிலே, பின்னாளில் காயத்தால் மாண்டவர்களையும் சேர்த்து, 60 பேர். 2018 பிப்ரவரி 14. ஃபுளோரிடா மாநிலத்துப் பார்க்லாண்ட் பள்ளியிலே 17 பேர். 2022 மே 24. டெக்சாஸ் மாநிலத்து உவால்டே பள்ளியிலே 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள்.

படம் பார்க்கப் போனவர், பாட்டுக் கேட்கப் போனவர், பாடம் படிக்கப் போனவர்! போர்க்களத்துக்குப் போனவர் இவர்களிலே எவரும் இல்லை.

கண்ணீர் வடித்துவிட்டுக் கலைந்து போவதற்காக நான் இந்தப் பட்டியலைப் படிக்கவில்லை. இவ்வளவு இடி விழுந்த ஒரு நாட்டிலே, இதைத் தடுப்பது எப்படி என்று கண்டறிய ஆட்சியினர் எவ்வளவு பணம் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், எந்தக் கேள்விக்குக் கொடுத்தார்கள், எந்தக் கேள்விக்கு மறுத்தார்கள் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். பணம் கொடுத்த கதையைக் காட்டிலும், மறுத்த கதையிலேதான் நமக்குப் பாடம் மிகுதி.

முதலிலே கொடுத்த கதை.

கொடுத்த பணம்

2021ஆம் ஆண்டிலே அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. கடைவீதி, விளையாட்டரங்கு, பள்ளி, வழிபாட்டிடம், ஊர்வலம் செல்லும் தெரு என்று மக்கள் தாராளமாகக் கூடுகிற இடங்களைத் தாக்குதலிலிருந்து காப்பது எப்படி என்று ஆராய ஒரு மையம் அமைப்பது; பல கல்வி நிலையங்கள் சேர்ந்து அதிலே பணியாற்றுவது; பாஸ்டன் நகரிலே உள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக் கழகம் அதற்குத் தலைமை ஏற்பது. 'சென்ட்ரி' என்று அந்த மையத்துக்குப் பெயர். காவற்காரன் என்று பொருள். பத்தாண்டுகளுக்கென்று திட்டமிடப்பட்ட தொகை 3 கோடியே 60 லட்சம் டாலர்.

பாஸ்டன் என்றதும் சிலருக்கு ஒரு நினைவு வரும். 2013 ஏப்ரல் 15ஆம் நாள், அந்த நகரத்து மாரத்தான் ஓட்டம் முடிகிற கோட்டருகே இரண்டு குண்டுகள் வெடித்தன. 3 பேர் இறந்தார்கள். காயமுற்றோர் 260 பேருக்கு மேல். அந்தத் தெருவுக்குக் கோட்டை மதிலா கட்ட முடியும்? ஓட்டக்காரர்களைக் கைதட்டி ஊக்குவிக்க வந்த ஊரையே ஒவ்வொருவராகச் சோதித்து அனுப்ப முடியுமா? முடியாது. அதனாலேதான் ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது. கூட்டத்தின் கூட்டத் தன்மையைக் கெடுக்காமல் அதைக் காப்பது எப்படி என்பது, காவல் நிலையத்துக் கைத்தடியால் தீர்க்கக்கூடிய கணக்கன்று. பொறியியல் அறிந்தவரும், மருத்துவம் அறிந்தவரும், மக்கள் மனம் அறிந்தவரும் ஒன்றாக அமர்ந்து போடவேண்டிய கணக்கு அது.

அறிவு உயிரைக் காக்கும் என்பதற்கு அதே பாஸ்டன் சான்று. அன்று காயமுற்றவர்களிலே, உயிரோடு மருத்துவமனையை அடைந்த ஒருவர்கூட இறக்கவில்லை. நகரத்து மருத்துவமனைகள் முன்கூட்டியே ஒத்திகை பார்த்து வைத்திருந்தன. அருகிலே இருந்தவர்கள் இடுப்புவாரைக் கழற்றியும் சட்டையைக் கிழித்தும் குருதி கொட்டிய கால்களை இறுகக் கட்டினார்கள். சாண்டி ஹூக் கொடுமைக்குப் பிறகு, 2013இலே, அறுவை மருத்துவர்களும் காவல்துறையினரும் பிறரும் கூடிப் பேசினார்கள். குருதிப் போக்கை முதல் சில நிமிடங்களிலேயே நிறுத்துவதுதான் தலையாய வேலை என்று முடிவு கண்டார்கள். அதன் பயனாக 2015இலே 'குருதியை நிறுத்து' என்ற இயக்கம் எழுந்து, பொதுமக்களுக்கே அந்தப் பயிற்சியைக் கொடுக்கத் தொடங்கியது. போர்முனையிலே கற்ற பாடம் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

ஆகவே, இத்தகைய ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பது வீண் என்று சொல்பவனல்ல நான். கொடுக்கத்தான் வேண்டும். இன்னும் கூடுதலாகவே கொடுக்க வேண்டும். ஆனால், வாசலைக் காப்பது எப்படி என்ற கேள்வி மட்டும் போதுமா? அதுதான் என் வினா.

லாஸ் வேகாசிலே இசைவிழா நடந்த திடலுக்கு வாயில் இருந்தது. வாயிலிலே காவல் இருந்தது. கொலைகாரன் அந்த வாயில் வழியாக வரவே இல்லை. எதிரே இருந்த விடுதியின் 32ஆவது மாடியிலிருந்து சுட்டான். உவால்டே பள்ளிக்கு 376 காவலர்கள் வந்து சேர்ந்தார்கள். ஆம், 376 பேர்! ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தாழ்வாரத்திலும் வெளியிலும் நின்றார்கள். உள்ளே குழந்தைகள் மடிந்தார்கள். காவல் இல்லாமல் போன கதையா இது? கண்ணெதிரே காவல் நின்றும் நேர்ந்த கதை. கொலைகாரன் வாசலுக்கு வந்து சேர்வதற்கு முன்பே ஏதோ ஒன்று நடந்து முடிந்திருக்கிறது. ஆயுதம் அவன் கைக்கு வந்தது எப்படி? அவன் மனம் நஞ்சானது எப்போது? யாரிடம் சொன்னான்? கேட்டவர் ஏன் வாய் திறக்கவில்லை? இந்தக் கேள்விகளுக்குத்தான் அந்த நாட்டிலே ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் பூட்டுப் போட்டார்கள்.

மறுத்த பணம்

1993ஆம் ஆண்டு. ஆர்தர் கெல்லர்மன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் புகழ்பெற்ற மருத்துவ ஏடு ஒன்றிலே வெளியிட்டார்கள். நோய்க் கட்டுப்பாட்டு மையம் என்ற அரசு நிறுவனம் அந்த ஆராய்ச்சிக்குப் பொருள் உதவியது. தற்காப்புக்கென்று துப்பாக்கி வாங்கி வைத்த வீட்டிலே, அந்த வீட்டாரே கொலையுண்ணும் வாய்ப்புக் குறைகிறதா, கூடுகிறதா என்று பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்று மடங்காகக் கூடுகிறது என்று கணக்கு வந்தது.

சரியோ, தவறோ, அது ஒரு கணக்கு. கணக்குத் தவறென்றால் மறுகணக்குப் போட்டு மெய்ப்பிப்பதுதானே முறை? அமெரிக்கத் தேசியத் துப்பாக்கிச் சங்கம் அந்த வழியிலே செல்லவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த பிரிவையே இழுத்து மூடவேண்டும் என்று முழங்கியது. ஆராய்ச்சியாளர்கள் முடிவை முதலிலே எழுதிவிட்டுச் சான்றைப் பிறகு தேடுகிறார்கள் என்பது அவர்கள் சாட்டிய குற்றம்.

1996இலே அந்த முழக்கம் காங்கிரசுக்குள் நுழைந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர். நம் ஊர்க் காங்கிரசை எண்ணிக் குழம்பவேண்டாம். அர்க்கன்சா மாநிலத்து உறுப்பினர் ஜே டிக்கி, செலவு மசோதாவிலே ஒரே ஒரு வரியைச் சேர்த்தார். காயத் தடுப்புக்கென்று அந்த மையத்துக்குக் கொடுக்கும் பணத்தைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு தேடுவதற்குச் செலவிடலாகாது என்பதே அந்த வரியின் கருத்து.

கவனியுங்கள் தோழர்களே! ஆராய்ச்சி செய்யாதே என்று அந்த வரி சொல்லவில்லை. ஆனால் அதோடு நின்றார்களா? துப்பாக்கிக் காயம் பற்றிய ஆராய்ச்சிக்கு அந்த மையம் அதற்கு முந்தைய ஆண்டிலே செலவிட்ட தொகை எவ்வளவோ, அவ்வளவையும், 26 லட்சம் டாலரை, அந்தப் பணியிலிருந்து பிடுங்கி வேறொரு பணிக்கு ஒதுக்கினார்கள். ஒரு கையிலே சட்டம், மறு கையிலே கத்தரிக்கோல்! சட்டம் தடுக்காததைக் கத்தரிக்கோல் தடுத்தது. ஆதரவு எது, ஆராய்ச்சி எது என்று எல்லை வகுத்துச் சொல்லாததால், அதிகாரிகளுக்கு அச்சம். 'எதற்கு வம்பு, வேறு ஏதாவது ஆராய்வோம்' என்று ஒதுங்கினார்கள். பணம் வராத துறைக்கு இளம் ஆராய்ச்சியாளன் எப்படி வருவான்? ஒரு தலைமுறை அறிஞர்களே அந்தத் துறைக்கு வராமல் போனார்கள். 2012ஆம் ஆண்டுக்குள், தேசிய சுகாதார நிறுவனங்களின் மீதும் அதே வரி பாய்ந்தது.

ஒரு பண்ணையார் வீட்டிலே அடிக்கடி களவு போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலுக்கு இரும்புக் கதவு போட்டார். நாய் வளர்த்தார். இரண்டு காவலாளிகளை அமர்த்தினார். கணக்குப்பிள்ளை மெல்ல வந்து, 'ஐயா, கொல்லைப்புறக் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லையே, அதை என்னவென்று பார்க்கலாமா?' என்று கேட்டார். கேட்ட மாதமே கணக்குப்பிள்ளைக்குச் சம்பளம் நிறுத்தம்! காவலாளிக்கு மட்டும் ஊதிய உயர்வு! அந்தப் பண்ணையாரைப் பார்த்து ஊர் சிரிக்காதா? உலகின் பெரிய வல்லரசு ஒன்று அந்தப் பண்ணையாராக ஆயிற்று.

கேள்வியை அடைத்ததன் விளைவு என்ன? 2017இலே இரண்டு ஆராய்ச்சியாளர்கள், இன்னின்ன காரணத்தால் இத்தனை பேர் சாகிறார்கள், அந்தக் காரணத்தை ஆராய இவ்வளவு பணம் செல்கிறது என்று அமெரிக்கச் சாவுக் காரணங்களை வரிசைப்படுத்தினார்கள். சாவின் அளவைப் பார்த்தால் துப்பாக்கி வன்முறை ஆராய்ச்சிக்கு வந்திருக்க வேண்டிய பணத்திலே, உண்மையிலே வந்தது 1.6 சதவீதம். நூறு ரூபாய் வரவேண்டிய இடத்திலே ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல்! 2018இலே ரேண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம், துப்பாக்கிச் சட்டங்களிலே எது பயன் தருகிறது, எது தரவில்லை என்று அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டிப் பார்த்தது. பெரும்பாலான சட்டங்களைப் பற்றி உறுதியாக எதையும் சொல்லப் போதிய சான்றில்லை என்பதே அது கண்ட முடிவு. கட்டுப்பாடு வேண்டும் என்பவருக்கும் சான்றில்லை. வேண்டாம் என்பவருக்கும் சான்றில்லை. இருட்டிலே இரு பக்கத்தாரும் உரக்கக் கூவிக்கொண்டிருந்தார்கள். இடையிலே பிணம் விழுந்துகொண்டிருந்தது.

மோட்டார் வண்டியைப் பார்த்தவர்கள்

ஆராய்ச்சி செய்தால் துப்பாக்கியைப் பறித்துவிடுவார்கள் என்று அஞ்சினார்களே, அந்த அச்சத்துக்கு அதே நாட்டிலே பதில் இருக்கிறது. 1966இலே அமெரிக்காவிலே, மோட்டார் வண்டிகள் பத்துக் கோடி மைல் ஓடினால் ஐந்து பேருக்கு மேல் சாவது வழக்கம். அந்த ஆண்டிலே சாலைப் பாதுகாப்புக்குச் சட்டம் இயற்றினார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தார்கள். வண்டியை ஆராய்ந்தார்கள், சாலையை ஆராய்ந்தார்கள், ஓட்டுகிறவனையும் ஆராய்ந்தார்கள். இருக்கை வார் வந்தது. காற்றுப் பை வந்தது. குடித்துவிட்டு ஓட்டுவோர் மீது பிடி இறுகியது. 2019இலே அதே பத்துக் கோடி மைலுக்குச் சாவு ஒன்றுக்குச் சற்று மேல் என்று இறங்கியது. வண்டியைப் பறித்தார்களா? அமெரிக்கனிடமிருந்து ஒரு காரையாவது பிடுங்கினார்களா? இல்லை. முன்னைவிடப் பல மடங்கு கார்கள் ஓடுகின்றன. சாவைத்தான் குறைத்தார்கள்.

மோட்டாரைப் பற்றிக் கேட்கலாம். துப்பாக்கியைப் பற்றிக் கேட்கலாகாதாம்! அதன் பலனும் வந்து சேர்ந்தது. 2020ஆம் ஆண்டிலே, அமெரிக்கக் குழந்தைகளும் இளையோரும் இறப்பதற்கான காரணங்களிலே, மோட்டார் விபத்தைத் தாண்டித் துப்பாக்கி முதலிடத்துக்கு வந்தது. 2021இலே எல்லா வயதினரையும் சேர்த்துத் துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,830 பேர். கொலையும் தற்கொலையும் விபத்தும் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. கூட்டத்திலே சுடப்பட்டு இறந்தவர்கள் இதிலே மிகச் சிறு பகுதியினர். ஆனாலும், தெருவிலே கேட்கும் வெடியும் வீட்டுக்குள்ளே கேட்கும் வெடியும் ஒரே ஆயுதத்திலிருந்துதானே எழுகின்றன?

எதிரிகள் நண்பரான கதை

இந்தக் கதையிலே என் நெஞ்சைத் தொட்ட பகுதி ஒன்று உண்டு.

1996இலே, நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் காயத் தடுப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் மார்க் ரோசன்பெர்க் என்ற மருத்துவர். அவர்தான் ஆராய்ச்சியின் பக்கம் நின்றவர். எதிர்ப்பக்கம் நின்றவர் ஜே டிக்கி. மன்றத்திலே எதிரும் புதிருமாக மோதிக்கொண்டவர்கள். பின்னர் ரோசன்பெர்க் பதவி இழந்தார். டிக்கியும் தேர்தலிலே தோற்று வெளியேறினார். மோதியவர்கள் மனம்விட்டுப் பேசத் தொடங்கினார்கள். குடும்பத்தைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு நட்பாயிற்று. நட்பு, கருத்தையும் தொட்டது.

2012இலே அரோராப் படுகொலை நடந்த சில நாட்களிலே, இருவரும் சேர்ந்து வாஷிங்டன் போஸ்ட் ஏட்டிலே கட்டுரை எழுதினார்கள். துப்பாக்கி வைத்திருப்போரின் உரிமையைக் காத்துக்கொண்டே துப்பாக்கிச் சாவைக் குறைக்க ஆராய்ச்சியால் முடியும். அதற்குப் பணம் கொடுங்கள் என்று கேட்டார்கள். தம் பெயரால் அழைக்கப்பட்ட அந்த வரி இப்படி ஆராய்ச்சியையே முடக்கிப் போட்டதற்காக வருந்துவதாக டிக்கி வெளிப்படையாகவே சொன்னார். 2017 ஏப்ரலிலே அவர் மறைந்தார். அவர் போட்ட பூட்டு திறந்ததைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

தோழர்களே, செய்த பிழையைத் தானே வாய் திறந்து ஒப்புக்கொண்ட அந்த மனிதரை நான் மதிக்கிறேன். கருத்திலே மாறுபட்டவரிடமும் கண்ணியம் இருந்தால் வணங்குவது நம் பண்பு. ஆனால் அந்தக் கதையிலே இருக்கிற வேதனையையும் மறக்கக் கூடாது. சட்டத்திலே ஒரு வரியைச் சேர்க்க ஒரு நாள் போதும். அதன் தீங்கை உணரப் பதினாறு ஆண்டு. அதைத் தளர்த்த அதற்கு மேலும் ஏழாண்டு! இடையிலே மாண்டவர்களை எந்தத் திருத்தம் திருப்பித் தரும்?

திறந்த பூட்டும் தெரிந்த உண்மையும்

பூட்டு மெல்லத்தான் திறந்தது. நடுவணரசு மறுத்த பணத்தை ஒரு மாநிலம் கொடுத்தது. கலிபோர்னியாச் சட்டமன்றம் 2016இலே, ஐந்தாண்டுக்கு 50 லட்சம் டாலர் ஒதுக்கி, தன் சொந்தப் பல்கலைக் கழகத்திலே துப்பாக்கி வன்முறை ஆராய்ச்சி நடுவத்தை நிறுவியது. மாநில உரிமையைப் பேசி வளர்ந்த நமக்கு இந்தச் செய்தி இனிக்கிறது. நடுவண் தூங்கினால் மாநிலம் விழித்திருக்கலாம் என்பதற்கு எடுத்துக்காட்டு!

2018 மார்ச்சிலே, பார்க்லாண்ட் மாணவர்களின் கண்ணீரும் கோபமும் தெருவை நிறைத்தபோது, ஆராய்ச்சிக்குத் தடை இல்லை என்று காங்கிரஸ் விளக்கம் கொடுத்தது. விளக்கம் வந்தது, காசு வரவில்லை. 2019 டிசம்பரிலேதான் இரண்டரைக் கோடி டாலர் ஒதுக்கினார்கள். அடுத்து வந்த சில ஆண்டுகளிலும் அதே தொகை. டிக்கி சேர்த்த வரி சட்டத்திலே அப்படியே இருக்க, பணம் மட்டும் பாய்ந்தது.

கேள்வி கேட்கப் பணம் கொடுத்தால் என்ன தெரியவரும் என்பதற்கு ஒரு சான்று சொல்லி முடிக்கிறேன். மின்னசோட்டா மாநிலத்திலே இரண்டு பேராசிரியர்கள், ஜிலியன் பீட்டர்சன், ஜேம்ஸ் டென்ஸ்லி. அமெரிக்க நீதித் துறையின் ஆராய்ச்சிப் பிரிவு அவர்களுக்குப் பொருள் கொடுத்தது. 1966 முதல் 2019 வரை பொது இடங்களிலே பலரைச் சுட்டுக் கொன்ற 172 பேரின் வாழ்க்கையை அவர்கள் துருவிப் பார்த்தார்கள். ஏறத்தாழப் பாதிப்பேர், தாங்கள் செய்யப் போவதை முன்கூட்டியே யாரிடமோ சொல்லியிருந்தார்கள். பெரும்பாலோர் தாமும் சாக வேண்டும் என்ற எண்ணத்திலே இருந்தவர்கள். வாங்கிய துப்பாக்கிகளிலே சிலவற்றையேனும் சட்டப்படியே வாங்கியவர்கள் நூற்றுக்கு 77 பேர். பள்ளிகளிலே சுட்டவர்களோ, நூற்றுக்கு 80க்கு மேற்பட்டவர்கள், சொந்தக் குடும்பத்தார் வைத்திருந்த துப்பாக்கியை எடுத்து வந்தவர்கள்.

இந்தக் கடைசிக் கணக்கை மனத்திலே நிறுத்துங்கள். பள்ளி வாயிலிலே எத்தனை கண்காணிப்புக் கருவி வைத்தாலும், அது வீட்டு அலமாரியைப் பார்க்குமா? அப்பா பூட்ட மறந்த அலமாரி! தாத்தா தலைமாட்டிலே வைத்த பெட்டி! அங்கே ஒரு பூட்டைப் போட்டிருந்தால், இங்கே சில பிஞ்சுகள் உயிரோடு வீடு திரும்பியிருக்கக் கூடும். பூட்டவேண்டிய இடம் அலமாரி. அமெரிக்கா பூட்டியது ஆராய்ச்சிச் சாலையை!

'யாரிடமோ சொன்னான்' என்ற கணக்கும் அப்படித்தான். சொன்னதைக் கேட்ட நண்பன், ஆசிரியர், அண்டை வீட்டார் ஆகியோருக்கு, யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் அந்தப் பிள்ளைக்கு உதவி கிடைக்குமா, விலங்கு விழுமா என்பது தெரிந்திருக்க வேண்டும். அதற்கும் ஆராய்ச்சி வேண்டும், ஆள் வேண்டும், காசு வேண்டும்.

திறந்த கதவு திறந்தே இருக்கும் என்ற உறுதியும் இல்லை. 2025 மார்ச்சிலே, மேரிலாந்து பல்கலைக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் நாட்டிலே நிகழும் பயங்கரவாதத்தையும், குறிவைத்த வன்முறையையும் தொகுத்துவந்த பணிக்கான பணத்தை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை நிறுத்தியது. அடுத்த மாதமே, நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் காயத் தடுப்புப் பிரிவிலே பணியாற்றியவர்கள் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆட்சி மாறினால் காட்சி மாறும் என்பார்கள். காட்சி மாறட்டும், கணக்கேடு கிழியலாமா?

நாம் கேட்கவேண்டியது

ஆகவே, ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் கொடுக்கிற எந்த ஆட்சியிடமும், அது நமக்கு வேண்டிய ஆட்சியே ஆனாலும், மூன்றைக் கேட்க வேண்டும்.

ஒன்று: பணம் கொடுப்பவர் கேள்வியைச் சொல்லலாம், விடையைச் சொல்லலாகாது. விடை பிடிக்கவில்லை என்பதற்காகப் பணத்தை வெட்டுவது, காய்ச்சல் அளக்கும் கருவியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்று அறிவிப்பதற்கு ஒப்பானது.

இரண்டு: காவல் துறை மட்டுமே பணப்பையை வைத்திருந்தால், பல்கலைக் கழகத்திலிருந்து கருவிகள்தாம் பிறக்கும். கொலைகாரனைத் தேடுகிற அதே கருவி, ஊர்வலத்திலே கொடி பிடித்தவன் யார் என்றும் பார்க்கும். மேடைக்கு முன்வரிசையிலே யார் என்றும் எண்ணும். ஆகவே, கூட்டத்தைக் காக்கும் ஆராய்ச்சியிலே, கூடுகிறவனின் உரிமையைக் காப்பதும் ஒரு பாடமாக இருந்தாக வேண்டும். அஞ்சாமல் கூடுவதற்காகத்தான் காவல். காவலைக் கண்டே அஞ்சும் நிலை வந்தால், குண்டு செய்ய நினைத்ததைக் கருவி செய்து முடித்ததாகும்.

மூன்று: கண்டறிந்ததை மறைக்காமல் மக்கள் முன் வைக்க வேண்டும். தவறானால் திருத்தட்டும், குறையானால் நிறைக்கட்டும். சார்புள்ள ஆராய்ச்சிக்கு மருந்து, மேலும் ஆராய்ச்சிதான்.

தொடக்கத்திலே, வாயிலில் நின்று வணங்கிய நம் தொண்டரைப் பற்றிச் சொன்னேன். கூட்டம் முடிந்து நீங்கள் வெளியேறும்போதும் அவர் அங்கேதான் நிற்பார், கரம் குவிப்பார். அந்தக் கரங்கள் பையைத் துழாவுகிற கரங்களாக மாறாமல் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு வெறும் ஆசை போதாது. அறிவு வேண்டும். அந்த அறிவை வளர்க்கக் கழனிக்கு நீர் பாய்ச்சுவது போலப் பணம் பாய வேண்டும். மடையை அடைக்கும் கை எவருடையதாயினும், அதைத் தடுத்துக் கேட்கும் துணிவு நம்மிடம் வேண்டும்.

கேள்வி கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கேள்விக்குப் பூட்டுப் போட்ட நாடு கொடுத்த விலையைக் கண்டோம். அந்த விலையை இன்னொரு நாட்டுத் தாய் கொடுக்க வேண்டாம்.